ஓய்வுக்குப் பிறகு கையில் போன்: எதைக் கற்றுக்கொள்வது, எதை விட்டுவிடுவது

பென்ஷன் வாங்கத் தொடங்கியவர்களுக்கும் இன்னும் ஓரிரு வருடத்தில் வாங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் ரயில்வே விஷயம் கொஞ்சம் கூடுதலாக வரும். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாநில அரசுக்காரர்களும் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களும் தேதிகளை மட்டும் தங்கள் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மற்றது பெரும்பாலும் ஒன்றுதான்.

ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நூறு வேலை செய்யலாம் என்று சொல்கிறார்கள். நூறும் நமக்கு வேண்டாம். இன்னொருவர் கையில் போனைக் கொடுக்காமல் நாமே செய்தாக வேண்டிய வேலைகள் சிலதான் இருக்கின்றன, அவற்றை மட்டும் திருத்தமாகக் கற்றுக்கொண்டு மிச்ச நேரத்தை மனிதர்களுக்கும் சாமிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. தெரியாது என்று முழுக்க ஒதுங்கிக்கொண்டவர்களும் சிரமப்படுகிறார்கள், காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு வரை அதிலேயே கிடப்பவர்களும் சிரமப்படுகிறார்கள். இரண்டு வகை ஆட்களையும் எங்கள் காலனியிலேயே பார்க்கிறேன், மனசு கஷ்டப்படுகிறது.

முதலில் நிறுத்தத் தெரிய வேண்டும்

ஷாப்புக்கு ஒரு புது மெஷின் வந்தால் அதை எப்படி ஓட்டுவது என்று நாங்கள் முதலில் பார்க்க மாட்டோம், எப்படி நிறுத்துவது என்றுதான் பார்ப்போம். சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது, கை எட்டுமா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றது. போனையும் அப்படித்தான் பழக வேண்டும். ஆனால் பிள்ளைகள் நமக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பணம் அனுப்புவது, படம் அனுப்புவது, வீடியோ கால் பேசுவது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நிறுத்துவதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே முதல் பாடமாக இதைப் பழகுங்கள். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே வெட்டுவது. கேட்க எளிதாக இருக்கும், நம் வயதுக்காரர்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையைத்தான் ஏமாற்றுக்காரன் பிடித்துக்கொள்கிறான். தெரியாத ஆள் பணம், ஆதார், ஓடிபி, வழக்கு, பார்சல் என்று எதைச் சொன்னாலும் பதில் சொல்லாமல் வெட்டலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. பேத்தியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ உட்கார வைத்து அந்நிய ஆள் மாதிரி பேசச் சொல்லி, பாதியிலேயே வெட்டிப் பழகிப் பாருங்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் வேண்டிய நேரத்தில் கை தானாகப் போகும்.

அடுத்து, இண்டர்நெட்டை அணைப்பது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டும் வரும். இரண்டையும் அணைத்தால் நம் போனுக்குள் வேறு எவனும் நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் அவன் வெளியே போய்விடுவான். போன் சுத்தமாக மசியவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

அப்புறம் எண்கள். உங்கள் வங்கியின் கார்டு முடக்கும் எண்ணையும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் போனில் பதிந்து வைத்தால் மட்டும் போதாது, ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். போனே பறிபோன நாளில் போனுக்குள் இருக்கும் எண் எதற்கு உதவும்? பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-ஐக் கூப்பிட வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போது பிடித்தால்தான் முடக்க முடியும். மகன் ஆபீஸிலிருந்து வரட்டும், அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து மாலை வரை காத்திருந்தவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

வங்கிக்கும் உடனே சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று இருக்கிறது. நம் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்து, அதுபற்றி வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் நாம் புகார் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. நாமே ஓடிபி சொல்லிவிட்டதால் போயிருந்தால் அதுவரை போனது நம் தலையில்தான், ஆனால் புகார் சொன்ன பிறகும் போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே எப்படிப் போயிருந்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் நல்லது. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை, திருடியவன்தான் வெட்கப்பட வேண்டும்.

“டிஜிட்டல் அரெஸ்ட்” என்று எவன் சொன்னாலும்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் காலனியில் ஒருவர், நேர்மையாக வாழ்ந்து ஓய்வு பெற்றவர், காலையிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அவர் மனைவி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் சொல்ல, கதவைத் தட்டித் திறந்து பார்த்தால் வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் ஆதாரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக்கூடாது, உங்கள் டெபாசிட் பணத்தைச் சரிபார்ப்புக்காக இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறான். பணம் போவதற்கு முன்பே அந்த அம்மா கதவைத் தட்டிவிட்டார், அதனால் தப்பித்தார்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். போலீஸோ, சி.பி.ஐ.யோ, நீதிமன்றமோ, எதுவும் வீடியோ காலில் கைது செய்யாது, சரிபார்க்கப் பணத்தை மாற்றச் சொல்லாது. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து கதவைத் திறந்து சத்தமாக வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கோ தெருமுனைக் கடைக்கோ போய்விடுங்கள். மனிதர் நடுவில் வந்து நின்றால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

குரலையும் இப்போது நம்ப முடிவதில்லை. பேரன் குரலிலேயே அழுதுகொண்டு, தாத்தா விபத்து ஆகிவிட்டது பணம் அனுப்புங்கள் என்று கேட்கும் அளவுக்குச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இதற்கு வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது நல்லது. குலதெய்வத்தின் ஊர், இறந்துபோன பாட்டியின் செல்லப்பெயர், பழைய வீட்டு மாட்டின் பெயர், எதுவாகவும் இருக்கலாம். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்ததாக, எந்த வாட்ஸப்பிலும் எழுதாததாக இருக்கட்டும். அவசரம் என்று யார் கேட்டாலும் முதலில் அந்தச் சொல், அப்புறம்தான் மற்றது. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் விடாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு என்ற பெயர்களில் வாட்ஸப்பில் வரும் ஃபைல் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை இல்லை, நம் போனுக்குள் வேறொருவனை உட்கார வைக்கும் ஆப். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் அப்படித்தான், அவர் போனைப் பிடித்துக்கொண்டவன் அனுப்பியிருப்பான்.

நவம்பர் மாத வேலை: உயிர்வாழ் சான்று

போனில் நாமே செய்தாக வேண்டியவற்றில் எனக்கு முதலாவது இதுதான். ஒரு காலத்தில் நவம்பர் வந்தால் வங்கி வாசலில் வரிசை. ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியிலும் வந்து, தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தது, விரல் வைத்தால் போதும் என்றார்கள். எங்களுக்கு அதிலும் ஒரு கஷ்டம். அரமும் எமரித் தாளும் பிடித்து முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களின் விரலில் ரேகை எங்கே இருக்கும்? விரலை வைப்பார்கள், துடைப்பார்கள், மறுபடி வைப்பார்கள், கருவி ஏற்காது. வயல் வேலை செய்தவர்களுக்கும், பாத்திரம் தேய்த்தே தேய்ந்த கைகளுக்கும் இதே கதைதான். உழைத்த கைக்கு அடையாளம் இல்லை என்று கருவி சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற எனக்கே தாங்காது. 2021-ல் முகத்தைப் பார்த்து உறுதிசெய்யும் முறை வந்த பிறகுதான் அந்தத் துன்பம் தீர்ந்தது. தொழில்நுட்பம் மனிதனுக்கு உதவ வந்தது என்று நான் மனதாரச் சொல்லும் இடம் இது.

செய்யும் முறை இதுதான். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து இரண்டு ஆப் இறக்க வேண்டும், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்று ஒன்று, ஜீவன் பிரமாண் என்று ஒன்று. வாட்ஸப்பில் வரும் லிங்க்கிலிருந்து இறக்காதீர்கள். முதலில் போனை இயக்குபவர் தன் ஆதார் எண், மொபைல் எண், மின்னஞ்சல் கொடுத்து, முகம் காட்டி ஆபரேட்டராகப் பதிய வேண்டும். நீங்களே ஆபரேட்டராகவும் இருக்கலாம், பிள்ளையோ மருமகளோ இருக்கலாம். இது ஒரு தடவை செய்தால் போதும், அதன் பிறகு அதே போனில் எத்தனை பென்ஷன்காரருக்கும் எடுக்கலாம். அடுத்து உங்கள் ஆதார், அதற்கு வரும் ஓடிபி, பென்ஷன் வகை, பென்ஷன் அனுமதித்த துறை, கொடுக்கும் வங்கி, பி.பி.ஓ. எண் (பென்ஷன் வழங்கும் உத்தரவில் இருக்கும்), கணக்கு எண். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பாஸ்புக்கையும் பி.பி.ஓ.வையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்துப் போடுங்கள், சான்று திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இங்கே விழும் ஓர் எண் பிழைதான் காரணம்.

முகம் எடுக்கும்போது வெளிச்சம் உங்கள் முன்னால் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி உட்கார்ந்து, சொல்லும்போது கண்ணை மூடித் திறங்கள். கை நடுங்குபவர்களுக்கு இன்னொருவர் போனைப் பிடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வரும், டைரியில் எழுதி வையுங்கள். அது அந்த வருடச் சான்றுக்கு மட்டும்தான், அடுத்த வருடம் புது எண் வரும். சில நாள் கழித்து, சான்றை வங்கி ஏற்றுக்கொண்டதா என்றும் பாருங்கள்.

80 வயது ஆனவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் கணக்கே இல்லை, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். ஆப்பில் நாமே எடுத்தால் காசு கிடையாது. உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் அது திருட்டு, எந்தப் பென்ஷன் அலுவலகமும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இதை ஒரு தடவை கற்றுக்கொண்டவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நவம்பர் முதல் வாரத்தில் உங்கள் தெருவில், வெளிச்சமான ஒரு திண்ணையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அண்ணே, மாமா, அக்கா என்று நாலு பேரைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுங்கள். குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்களைத் தேடிப் போய்ச் செய்யுங்கள், அவர்கள்தான் யாரிடம் கேட்பது என்று தயங்கி உட்கார்ந்திருப்பார்கள். கோயிலுக்குப் போய் வந்த நிறைவு இதில் எனக்குக் கிடைக்கிறது.

சான்றோடு கூடவே உங்களுக்கு வர வேண்டியதும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். மத்திய அரசு பென்ஷனில் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழு மடங்கு. கம்யூட் செய்து, அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய தொகைக்கான பிடித்தம் 15 வருடத்தில் முடிந்து முழு பென்ஷன் திரும்ப வர வேண்டும். தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாமல் அந்த மாதப் பாஸ்புக்கைப் பாருங்கள், வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். ரயில்வேயில் வருடா வருடம் பென்ஷன் அதாலத் என்று குறைகேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள், மனு கொடுத்துத் தீர்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் இலவச பாஸுக்கு ஹெச்.ஆர்.எம்.எஸ். ஆப்பும், ரயில்வே ஆஸ்பத்திரிக்கு உமீத் கார்டும் பழகிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் அந்த ஒரு நாள்தான் தொல்லை, அப்புறம் ஓடிவிடும்.

பணத்துக்கு இரண்டு கணக்கு

பென்ஷன் விழும் கணக்கை கூகுள் பே, போன் பே எதிலும் சேர்க்காதீர்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் அதில் போட்டு, அதை மட்டும் யுபிஐயில் சேருங்கள். என்ன நடந்தாலும் போவது அந்தச் சிறு தொகையோடு நிற்கும். இதைவிட எளிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் செய்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பின் எண் பணம் கொடுப்பதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான், வாங்குவதற்கு ஒருநாளும் தேவையில்லை. உங்களுக்குப் பணம் வருகிறது, பின் போடுங்கள் என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். கடையில் ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். அதை வாய்விட்டுச் சொல்லி, சரியாம்மா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். காய்கறிக்கார அம்மாவுக்கும் அது பிடிக்கும், ரெண்டு வார்த்தை பேசின மாதிரியும் இருக்கும்.

எங்கள் பொன்மலைச் சந்தையில் இன்னும் சிலர் ரொக்கம்தான் வாங்குகிறார்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் போனுக்கு மாற்றியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வாட்ஸப்பும் சாமியும் பக்கத்து மனிதரும்

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் கையில் போன் வந்த பிறகு, நல்லவர்களாக நான் முப்பது வருடம் பார்த்தவர்கள் சிலர் குரூப்பில் அனுப்பும் செய்திகளைப் பார்த்தால் இவரா அவர் என்று இருக்கிறது. அந்த மதக்காரன் இப்படிச் செய்தான், இந்த சாதிக்காரன் அப்படிச் செய்தான், பத்துப் பேருக்கு அனுப்பு, உண்மையான பக்தனாக இருந்தால் பகிர் என்று வருகிறது. யார் எழுதியது, எங்கே நடந்தது, எந்த வருடப் படம் என்று எதுவும் இருக்காது.

ஷாப்பில் ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் வைக்கும்போது எல்லா மதத்துக்காரரும் சேர்ந்துதான் மெஷினைத் துடைத்தோம். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு கேக் வரும், செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களின் வேலையை மற்றவர் பார்த்துக்கொள்வோம். 1946 செப்டம்பர் 5 அன்று இங்கே சங்கத் திடலில் சுடப்பட்டு இறந்த ஐந்து தொழிலாளிகளுக்கு மாலை போடும்போது யார் எந்த சாமியைக் கும்பிட்டவர் என்று எவரும் கேட்டதில்லை. அப்படி வாழ்ந்துவிட்டு, கடைசிக் காலத்தில் முகம் தெரியாத எவனோ எழுதியதை நம்பி, பக்கத்து லாக்கர்காரனைச் சந்தேகப்படுவது எனக்குத் தாங்கமுடியாத விஷயமாக இருக்கிறது.

ஆகவே நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். இன்னொரு மதத்தையோ சாதியையோ பற்றிய செய்தி வந்தால், அந்த மதத்தில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதை வாய்விட்டுப் படிக்க முடியுமா? முடியாது என்றால் அனுப்பாதீர்கள், அதோடு அழித்துவிடுங்கள். அனுப்பியவர் நண்பராக இருந்தால் குரூப்பில் சண்டை போடாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நேரில் பார்த்தால் இன்னும் நல்லது, டீ குடித்துக்கொண்டே பேசலாம். எழுத்தில் மல்லுக்கு நிற்பவர் நேரில் அப்படி இருப்பதில்லை.

செய்திக்கு மேலே இரண்டு அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று அடையாளம். 2020 முதல் அந்த மாதிரிச் செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப வாட்ஸப்பே விடுகிறது. அந்தக் குறியைப் பார்த்தால் நீங்களும் நின்றுகொள்ளுங்கள். மருத்துவக் குறிப்புகளுக்கு இது இன்னும் முக்கியம். கஷாயம் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோ வரும், அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் கதி என்ன என்று அந்த வீடியோ சொல்லாது. பிரபல டாக்டரே பேசுவது போல முகமும் குரலும் இருந்தாலும் இப்போது அதையும் பொய்யாகச் செய்துவிடுகிறார்கள். மாத்திரை விஷயம் உங்கள் டாக்டரிடம் மட்டும்தான்.

இரண்டு ஏற்பாடு மட்டும் செய்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்று இருக்கும், அதில் மை காண்டாக்ட்ஸ் என்று வைத்துவிட்டால் தெரியாத எவனும் உங்களைப் பங்குச் சந்தைக் குரூப்பில் இழுத்துப் போட முடியாது. அக்கவுண்டுக்குள் இருக்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்கப் பின் ஒன்று போட்டு வைத்தால் உங்கள் வாட்ஸப்பை வேறொருவர் பிடுங்குவது கடினம்.

கோயிலுக்கு நடந்து போக முடிந்தால்

நேரலையில் தரிசனம் பார்ப்பது தப்பா என்று கேட்கிறார்கள். நடக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய வரம். 2020-ல் கோயில் கதவெல்லாம் மூடியிருந்த மாதங்களில் எங்களுக்கும் அதுதான் ஆறுதல். ஆனால் கால் நன்றாக இருக்கும்போது சோபாவில் உட்கார்ந்து வைகுண்ட ஏகாதசியைப் போனில் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்ரீரங்கத்துக்கு பஸ் இருக்கிறது, போய் வாருங்கள். திருவானைக்காவலில் உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதை ஒரு தடவை நின்று பாருங்கள். அந்த மேளச் சத்தமும், பக்கத்தில் நிற்பவரின் கைகூப்பலும் எந்தத் திரையிலும் வராது. கோயிலுக்குப் போனால் மனிதரைப் பார்ப்போம், படி ஏறுவோம், பசிக்கும், இரவு தூக்கம் வரும். டாக்டர் சொல்லும் நடையும் அதில் அடங்கிவிடும்.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொல்லி உத்தரவிட்டது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். தடை இல்லாத இடத்திலும் நீங்களே அணைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கும்பாபிஷேகம், அன்னதானம் என்று க்யூஆர் படம் அனுப்பிக் காணிக்கை கேட்டால், கோயில் அலுவலகத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள். உண்டியல் இருக்கிறது, ரசீது போடும் இடம் இருக்கிறது.

இன்னொரு பழக்கம், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். மற்ற ஊரில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள், இங்கே பக்தர்களுக்காக அம்மன் இருக்கிறாள், நைவேத்தியம் துள்ளுமாவும் நீர்மோரும் இளநீரும் பானகமும்தான். அந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தொடுவதில்லை என்று நானும் என் வீட்டுக்காரியும் வைத்துக்கொண்டோம். அவசரத்துக்கு மணி அடிக்கட்டும் என்று கூடத்தில் சத்தமாக வைத்துவிடுவோம், படுக்கை அறைக்குள் வராது. முதல் சில நாள் கை தேடும். அப்புறம் பேச்சு வந்துவிடுகிறது, பழைய கதை, யார் யாருக்கு மொய் எழுத வேண்டும், எந்தப் பிள்ளை முகம் வாடியிருந்தது என்று. வேறு மதத்துக்காரர்கள் தவக்காலத்திலோ ரமலானிலோ இதையே செய்யலாம், சாமி இல்லை என்பவர்களும் சும்மாவே செய்யலாம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலுக்கு வாரத்தில் ஒரு நாளும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நினைத்த நேரத்துக்குக் கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று வருந்துவதைவிட இது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதையாவது தயாராக வைத்திருங்கள், சாப்பிட்டாயா படித்தாயா என்று மட்டும் கேட்டால் குழந்தை ஓடிவிடும். மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினை எங்கள் ஷாப்பில் செய்த கதையைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஊட்டி ரயிலைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் பேரன் தாத்தா எஞ்சின் என்கிறான்.

வீட்டில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்

எல்லாவற்றையும் ஒருவரே செய்துகொண்டிருக்கும் வீடுகள்தான் அதிகம், பெரும்பாலும் கணவர். மனைவிக்கு எந்த வங்கி என்பதுகூடத் தெரியாது. அவர் போன பிறகு, அழுகை நிற்பதற்கு முன்பே அந்த அம்மா ஒவ்வொரு கவுண்டராக நிற்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன், இந்த வாரமே உட்காருங்கள். பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே மனு கொடுத்துத் திருத்துங்கள். பென்ஷன் கணக்கை இருவர் பெயரில் மாற்றிக்கொள்ளலாம். எல்லா டெபாசிட்டிலும் நாமினி இருக்கிறதா பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வைத்திருந்தால் அதிலும் பாருங்கள், 30 லட்சம் வரை போடக்கூடிய திட்டம் என்பதால் பலருடைய பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டில் எழுதுங்கள். வங்கிகள், கணக்கு எண்கள், இன்சூரன்ஸ், பி.பி.ஓ. எண், ஆஸ்பத்திரி அட்டை எங்கே இருக்கிறது, யாருக்கு நாம் கொடுக்க வேண்டும், யார் நமக்குக் கொடுக்க வேண்டும், முதலில் எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று எல்லாம். பின் எண்ணையும் பாஸ்வேர்டையும் அதில் எழுதாதீர்கள். போனைத் திறக்கும் பூட்டு எண்ணை மட்டும் மனைவிக்கு வாயால் சொல்லி வையுங்கள். அவருடைய கைரேகையையும் உங்கள் போனில் சேர்க்கலாம்தான், ஆனால் சில வங்கி ஆப்கள் அந்தக் கைரேகைக்கே திறந்துகொள்ளும் என்பதை யோசித்துச் செய்யுங்கள். உங்களுக்கு யாருமில்லை, கேட்கவே ஆளில்லை என்றால் மூத்தோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நோட்டு எழுதி முடித்ததும் அதை வைத்துக்கொண்டு ஒரு முழு மாதம், மின் கட்டணத்திலிருந்து மளிகைக் கடை வரை, எல்லாக் கட்டணத்தையும் அவரையே கட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள், போனைக் கையில் வாங்காதீர்கள்.